குழாய் மேல் உட்கார்ந்தோம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு இசக்கிசெல்வி எழுதுவது.

நானும் ஸாதனாவும் சுகம். அங்கே வெயில் எப்படி? கண் எரிச்சல் தேவலையா? போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து உங்கள் கேம்ப்புக்குத் திரும்பும் சுள்ளிக்கல் யூசுப் இக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அங்கே உங்கள் மேலாள் என்ன மிரட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஊரிலும் கப்பல் கால்வாய் தோண்டுவது ஒரே கம்பெனிதானே. பெண்டாட்டியை அடக்கு, இல்லையென்றால் பெட்டியைக் கட்டு என்றிருப்பார். நீங்களும், நமக்கு எதுக்குட்டி வம்பு, ஒண்ணும் பார்க்கலைன்னு சொல்லிரு என்றீர்கள். நான் பார்த்தேன், அத்தான்.

அன்று நானும் என்னோடு வேலை செய்யும் பீவியும் கரையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தோம். மண்வாரிக் கப்பலிலிருந்து சேறு கொண்டுவரும் மிதக்கும் குழாயில் ஓர் இணைப்பு விட்டுவிட்டது. அதை முடுக்க வெங்கிடேஷை அனுப்பினார்கள். நம் அடுத்த வீட்டுச் சங்கரன்கோவில்காரர்தான். இடுப்பில் கட்டக் கயிறு கேட்டார். கயிறெல்லாம் அப்புறம், கப்பல் வரும் தேதி குறித்தாகிவிட்டது, பம்பை நிறுத்த முடியாது என்று மேஸ்திரி விரட்டினார். குனிந்து போல்ட்டை முடுக்கும்போது குழாய் உதறியது. தண்ணீருக்குள் போனவர் மேலே வரவில்லை.

அப்போதுதான் பம்பை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் தேடினார்கள். பிறகு மேஸ்திரி, நீரோட்டம் கொண்டுபோயிருக்கும், பம்பைப் போடு என்றார். போட்டால் விட்டுப்போன இணைப்பு வழியாகக் கொட்டி அந்த இடமெல்லாம் சேறு மூடிவிடும். பீவி கல்லைக் கீழே போட்டாள். அவரு பெண்டாட்டிக்கு நாம எதைக் காட்டுறது என்று கேட்டுக்கொண்டே போய், குழாய் கரையேறும் இடத்தில் அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். மற்றப் பெண்களும் வந்தார்கள். இத்தனை பேர் மேலே உட்கார்ந்திருக்கும்போது பம்பைப் போட யாருக்கும் துணிவில்லை. போலீசைக் கூப்பிடுவேன் என்றார் மேஸ்திரி. கூப்பிடுங்க, அவங்களும் சேர்ந்து தேடட்டும் என்றேன். எனக்கா இப்படிப் பேச வந்தது என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

வைப்பின் மீன்காரர்கள் கேள்விப்பட்டு வள்ளத்தில் வந்து வலை வீசினார்கள். சாயங்காலம் வெங்கிடேஷ் கிடைத்தார். அதுவரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். வெங்கிடேஷ் குடித்துவிட்டுக் குளிக்க இறங்கினார் என்று நான் சொல்ல வேண்டுமாம். சேச்சி ஒண்ணும் கண்டில்லல்லோ, ஒன்றும் பார்க்கவில்லைதானே என்று சிரித்தார். ஒரு சாயா கூட நான் கொடுக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் வெங்கிடேஷ் கயிறு கேட்டதையும் மேஸ்திரி விரட்டியதையும் சொன்னேன். மலையாளம் திக்கிய இடத்தில் பீவி எடுத்துக் கொடுத்தாள். வேலையில்தான் இறந்தார் என்று முடிவாகிவிட்டது. குடிகாரன் என்ற பேரோடு அவரை யாரும் புதைக்கவில்லை. இப்போது குழாயில் ஏறுகிறவர்களுக்குக் கயிறும் மிதவைச் சட்டையும் கொடுக்கிறார்கள்.

எனக்கும் பீவிக்கும் அங்கே வேலை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். இங்கேயே ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கப் போகிறோம். தும்மல்தான் ஓயவில்லை. ஸாதனா பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா எப்போ வரும் என்று மலையாளத்தில் கேட்கிறாள், நான் தமிழில் திட்டுகிறேன்.

உங்களை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. அனுப்பினால் வாருங்கள். இடப்பள்ளியில் கட்டட வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். என்னைக் காட்டி யாரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள். என் பெண்டாட்டி கண்ணால் பார்த்ததைச் சொன்னாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

நீங்களும் தினம் அப்படியொரு குழாய் மேல்தானே நடக்கிறீர்கள். அன்று தேடி எடுத்தவரைக் கரையில் கிடத்தியபோது எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் பார்க்கத் தைரியம் வரவில்லை. வேலை போனால் போகட்டும், நீங்கள் நடந்து வந்து வாசலில் நின்றால் போதும்.

இசக்கியம்மன் உங்களைக் கரையிலேயே வைத்திருக்கட்டும்.

உங்கள்,
செல்வி.