முத்திரை உருகவில்லை

ஸ்டாக்போர்ட்,
1794 செப்டம்பர் 19

நார்விச்சுக்குத் தறி விற்கப் போயிருக்கும் என் அன்புக் கணவர் ஜேபஸுக்கு, ஹெஸ்டர் வணக்கத்தோடு எழுதுவது.

நானும் நம் குட்டி மகள் டோர்கஸும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நல்ல செய்தி இவ்வளவுதான். மீதியை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்த தறியைப் பிரிக்ஸ் தன் ஆலையில் போட்டுவிட்டான். ஜன்னல் வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன். நூல் அறுந்தால் தானாக நிற்கிறது, உங்களுடையதேதான். அவன் வாசலிலேயே நின்று கத்தினேன். “பதினாலு வருஷத்துக்கு இது எங்க வீட்டுக்காரர் சொத்துடா! ராஜா முத்திரை போட்டுக் குடுத்திருக்காரு!” என்றேன். பாவி சிரித்தான். “போய் அந்தப் பட்டயத்தை முழுசாப் படிச்சுப் பாரும்மா” என்றான்.

காப்புரிமைப் பட்டயத்தைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வக்கீல் பிக்கஸிடம் ஓடினேன். அந்தச் சட்ட எழுத்து நமக்கு எங்கே புரிந்தது? மெழுகு முத்திரை தொங்குகிறது, அதில் குதிரைமேல் அரசர் இருக்கிறார், போதுமென்று இருந்துவிட்டோம். அடுப்புச் சூட்டில் உருகிவிடுமோ என்று பின்னறையில் வைத்துக் காத்தேன். டோர்கஸ் தொட்டால் கையில் அடி.

வக்கீல் கடைசி வரிகளைப் படித்துக் காட்டினார். தறி எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கத்தை நான்கு மாதத்துக்குள் லண்டனில் பதிவு செய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் பட்டயம் செல்லாதாம். கெடு ஜூலை மூன்றாம் தேதியோடு முடிந்துவிட்டது. “அதை வாங்கிட்டுப் போக, பட்டயம் எடுத்துக் குடுத்தவங்க லண்டன்லேர்ந்து ஆள் அனுப்பலியா?” என்று கேட்டார்.

வந்தார், ஜேபஸ். ஜூனில் வந்தார். தறியின் விளக்கக் காகிதத்தைக் கொடுங்கள் என்றார். நார்விச்சுக்குக் கிளம்பும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “ராஜாவே வந்து கேட்டாலும் இந்தக் காகிதத்தைக் குடுக்காதே ஹெஸ்டர்.” பிரிக்ஸ் அனுப்பிய உளவாளி என்று நினைத்து, வாளித் தண்ணீரை மேலே கொட்டித் துரத்தினேன். பிறகு அவரிடமிருந்து வந்த கடிதத்தையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டேன். இதையெல்லாம் பெருமையாக உங்களுக்கு எழுதினேன். நீங்களும் சபாஷ் என்று பதில் போட்டீர்கள்.

ஏழு வருடம் தூக்கமில்லாமல் நீங்கள் பட்ட பாட்டை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டேன். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். முத்திரை மட்டும் உருகாமல் அப்படியே இருக்கிறது.

என்னைத் திட்டுங்கள். மூளையிருக்காடி என்று ஊர் கேட்கத் திட்டுங்கள். ஆனால் நேரில் வந்து திட்டுங்கள்.

முதல் தறி ஓடாமல் போன வருடம், கோட்டைக் கழற்றிக் கரையில் மடித்து வைத்துவிட்டு நீங்கள் ஆற்றோரம் நின்றதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டேன். நார்விச்சிலும் ஆறு இருக்கிறதாமே, வக்கீல் சொன்னார்.

இதைப் படித்த கையோடு வண்டி ஏறிவிடுங்கள். இங்கே இறங்கியதும் ஆற்றுப்பாதை வேண்டாம். சுற்றினாலும் பரவாயில்லை, சந்தைத் தெரு வழியாக வாருங்கள். வண்டி நிற்கும் இடத்தில் நானும் டோர்கஸும் தினமும் நிற்போம். போட்ட கோட்டோடு கடவுள் உங்களை வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
ஹெஸ்டர்