ஜோசபினுக்கு ஒரு குடைக் கோட்டு

கோச்சடை, மதுரை
12.9.1978

அன்பு மகள் ஜோசபினுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் இங்கே அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் சுகமாயிருக்க தினமும் செபிக்கிறேன். கிளாஸ்கோ கடைகளில் தோளுக்குச் சரியான கோட்டு வயிற்றில் பூட்டவில்லை, வயிற்றுக்குச் சரியானது தோளில் தொங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பத்திரிகையிலிருந்து வெட்டி அனுப்பிய கோட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு புதுமண்டபத்துக்கு ஓடினேன். நம் தையல்காரர் சுருளி இதுவரை ஜாக்கெட்டும் பாவாடையும்தான் தைத்தவர், படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது குடைப் பாவாடையத் தோள்ல மாட்டுன மாதிரிதேன் டீச்சர், தச்சுப்புடலாம் என்றார். தோளில் உன் அளவு, அங்கிருந்து கீழே விரிந்துகொண்டே போகும், வயிறு எம்புட்டு வளர்ந்தாலும் பொத்தான் பூட்டலாமாம்.

ஆனால் போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே, நான் உன் தோளுக்குத்தான் வருவேன். உன் உயரமும் ஒல்லித் தோளும் உள்ளவர் வீட்டில் அப்பா ஒருவர்தான். அவரோ, தான் சம்மதிக்காத உன் கலியாணத்திலிருந்து இரண்டு வருஷமாக உன் பெயரை எடுக்கவில்லை, மாப்பிள்ளை பேச்சு வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பஸ்ஸில் கூட்டம், துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லி இழுத்துப் போனேன். சுருளி கோட்டை நீட்டியதும் என்னை முறைத்தார், ஆனாலும் டிரில் மாஸ்டர் அல்லவா, அட்டென்ஷனில் நின்று மாட்டிக்கொண்டார். வயிற்றில் தலையணையைக் கட்டினோம். இந்த வெயிலில் கம்பளிக் கோட்டும் தலையணையுமாக அவர் நிற்க, வளையல் கடைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அவரிடம் படித்த ஒருவர், இப்போது பாங்க் உத்தியோகம், வணக்கம் சார் என்றுவிட்டுத் தலையணையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா மட்டும் சிரிக்காமல் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு தூக்கியதில் கோட்டின் முன்பக்கம் நான்கு விரல் மேலேறியிருந்தது. என்னப்பா சுருளி, முன்னால இம்புட்டு ஏறிக் கெடக்கு, ஜோசபினுக்கு முழங்கால் குளிருமே என்றார். அவர் வாயால் உன் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. சுருளி மடிப்பைப் பிரித்து முன்பக்கம் இறக்கினார். இன்னும் கொஞ்சம் விரியட்டும், பஸ் ஏறும்போது தட்டக்கூடாது என்று அப்பாவே மூன்று தடவை நடந்து காட்டினார்.

கோட்டு வந்துவிட்டதென்று பனியில் ஊர் சுற்றாதே, இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, கீரை என்று எது கிடைத்தாலும் மாப்பிள்ளையை வாங்கச் சொல். மாதா உங்கள் மூவரையும் தன் மடியில் வைத்துக் காப்பாளாக. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், பார்சலைச் சுற்றித் தைத்த வெள்ளைத் துணியைக் கிழித்து எறிந்துவிடாதே. அதில் நான் விலாசம் எழுதப் போனபோது அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். மிஸஸ் ஜோசபின் முத்திருளன் என்று இங்கிலீஷில், மாப்பிள்ளை பெயரை ஓரெழுத்தும் குறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார்.

உன் அம்மா,
ஆனிமேரி