தோல் பட்டைக்கு விளக்கெண்ணெய்

1909 செப்டம்பர் 6, திங்கள்

விடியலில் சுமத்ராக் காற்று, பிறகு சாய்ந்தடித்த மழை. சிராங்கூன் சாலை முழுக்கச் சேறும் எருமைச் சாணமும்.

அக்காவின் கணவர் செபமாலை மோட்டார் வாங்கிவிட்டார். இனி இந்தக் குறிப்பில் அவர் செ. மட்டுமே, முழுப் பெயருக்கு மை செலவழிக்கத் தகுந்த மனிதர் அல்ல. கப்பலேறிய தோட்டத்துரை ஒருவர் விட்டுச்சென்ற பழைய வண்டி. பித்தளை விளக்கு இரண்டு, ஒன்று எரியும். பிரேக்கும் பழைய மாதிரி. பின்சக்கரங்களோடு சுழலும் உருளைகள், அவற்றைச் சுற்றி இரும்புப் பட்டை, பட்டையின் உட்புறம் தோல். மிதித்தால் தோல் உருளையை இறுக்கிப் பிடிக்கும். பிடிக்க வேண்டும்.

செ.யின் தொழில் வாடகைக் குதிரை வண்டி. லாயம் வீட்டுக்குப் பின்னால், வாசனை வீட்டுக்குள். "தோலைப் பத்தி எனக்குச் சொல்ல இந்தத் தீவுல ஆள் கிடையாது." சாப்பாட்டுக்கு முன் மற்றவர்கள் செபம் சொல்வார்கள். இவர் இதைச் சொல்வார்.

ஞாயிறு மாதா திருநாள். புக்கிட் தீமா மேட்டுக் கோயிலுக்கு அக்காவை மோட்டாரில் அழைத்துப்போகிறாராம். அக்காவுக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு தங்கவில்லை. இது தங்கினால் திருநாளன்று வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ச்சை. ஆகவே போகாமல் இருக்கமாட்டாள்.

செப். 8, புதன்

வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அலுவலகம் விட்டு வந்தபோது செ. மோட்டாருக்குப் பின்னால் குந்தியிருந்தார். பட்டைகளைக் கழற்றி மடியில் வைத்து, தோலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பூசையில்கூட அந்த முகத்தில் இவ்வளவு பக்தி கண்டதில்லை.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"தோல் காஞ்சு கெடக்கு மச்சான். துரைக்கு என்ன தெரியும்? எண்ணெய் காட்டாத தோல் வெடிச்சிடும்."

"குதிரை வார் வளையணும், அதுக்கு எண்ணெய் சரி. இது பிடிக்கணும். எண்ணெய் பட்டா வழுக்கும்."

"யார் சொன்னா?"

"எங்க கம்பெனி இஞ்சினீயர்." (நான் கடிதம் எழுதிப் பிழைப்பது ஒரு மோட்டார் கம்பெனியில்.) "பிரேக் தோல்ல ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே திட்டுவாரு. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சுண்ணக்கட்டித் தூள் தடவித்தான் மாட்டுவாரு."

"அவரு இரும்பு பார்த்தவரு. நீ காகிதம் பார்த்தவன். நான் தோல் பார்த்தவன்."

பேச்சு முடிந்தது. மூவரில் எவர் ஞாயிறன்று அக்காவை ஏற்றிப்போகிறார் என்பதுதான் கவலை.

செப். 9, வியாழன்

மேகம். அலுவலகம் போகுமுன் வெள்ளோட்டம். நானும் ஏற்றப்பட்டேன். சிராங்கூன் சாலையில் மோட்டார் மெள்ள ஓடி, மெள்ள நின்றது.

"பார்த்தியா மச்சான்? நின்னுச்சா இல்லியா?"

நின்றது. தட்டையான சாலை. இங்கே எல்லாம் தானாக நிற்கும், எருமை உட்பட.

"அத்தான், அது மேடு. அக்காவைக் குதிரை வண்டியிலயே கூட்டிட்டுப் போவோம்."

"மோட்டார் வச்சிக்கிட்டுப் பொண்டாட்டியைக் குதிரை வண்டியில அனுப்புறான்னு ஊர் சிரிக்காதா?"

செ.யிடம் பிடிக்காதவை: காபி உறிஞ்சும் ஓசை. என் புத்தகங்களின் மேல் லாயச் சாவி. "மச்சான்" என்னும்போது மூக்கு வழியாக வரும் சிரிப்பு. மீதி, இடமில்லை.

கறிவேப்பிலை வாங்க மறந்தேன்.

செப். 11, சனி

செ. பாசார் சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் பட்டைகளைக் கழற்றினேன். மண்ணெண்ணெய், கிழிந்த வேட்டி, அலுவலகத்திலிருந்து சுண்ணக்கட்டித் தூள். விரல் தோல் உரிந்தது. பட்டைத் தோல் காய்ந்தது. மாட்டி, பெடலில் ஒரு கல்லை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். வண்டி அசையவில்லை. செ.யின் சொத்தில் முதன்முறையாக ஒரு பொருள் சொன்னபடி கேட்டது.

செப். 12, ஞாயிறு

காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள். செ. பின்சக்கரத்தடியிலிருந்து எழுந்தார். முழங்கை வரை எண்ணெய்.

"எந்தப் பயலோ எண்ணெயைத் தொடச்சிட்டான் மச்சான். நல்லவேளை பார்த்தேன். ரெண்டு பங்கு போட்டிருக்கேன்."

போகும் வழி தட்டை, பிறகு ஏற்றம். ஏறுவதற்குப் பிரேக் எதற்கு? அக்கா போய்ச்சேர்ந்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள். பூசை முடிந்ததும் கோயில் மரத்தடியில் அவளிடம் சொன்னேன்.

"அக்கா, இறங்கும்போது இது நிக்காது. எண்ணெய்."

"அவர்கிட்ட வேணாம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப இன்னும் கொஞ்சம் தடவியிருப்பாரு."

பத்து வருடத் தாம்பத்தியம் பற்றி இதைவிடச் சுருக்கமாக நான் வாசித்ததில்லை.

செ. மோட்டாரைச் சுற்றி நின்றவர்களுக்குத் தோல் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அக்கா நேரே கோயில் உபதேசியாரிடம் போனாள், எல்லார் காதிலும் விழ.

"உபதேசியாரே, மேட்டுலேருந்து கீழ வரைக்கும் செருப்பில்லாம நடந்தே இறங்குறேன்னு மாதாகிட்ட நேர்ந்திருக்கேன்."

"நேர்ந்தா செய்யணும் தாயீ. தம்பி துணைக்குப் போகட்டும்."

செ.யின் முகம் போன போக்கு! "என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"மாதாகிட்ட சொன்னேன்ல."

கூட்டத்தின் முன் நேர்ச்சையோடு யார் வாதாட முடியும்? தனியாக வண்டியைக் கிளப்பினார். நாங்கள் ஓரமாக நடந்தோம். எங்களைத் தாண்டும்போது தொப்பியைத் தூக்கினார். பாதி மேட்டில் தொப்பியை மறந்தார். மிதித்தார், கைப்பிடியை இழுத்தார், எழுந்து நின்று மிதித்தார். மோட்டாருக்கு அதில் ஆர்வமில்லை. திருப்பத்தில் சாலை திரும்பியது, அவர் திரும்பவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு சீனர் ஒருவரின் பன்றிக்கொட்டடிக் குளத்தில், பித்தளை விளக்கு வரை.

அக்கா நடையைக் கூட்டவில்லை. நேர்ந்தது நடப்பதற்கு, ஓடுவதற்கு அல்ல. ஆனால் என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த தடம் இப்போதும் இருக்கிறது.

செ. உயிரோடு. முன்பல் ஒன்று குளத்தில். குளத்துக்காரர் மலாயில் ஏசியதில் பாதி புரிந்தது, முழுவதும் ஒப்புக்கொண்டேன். அக்கா இருந்திருக்க வேண்டிய இருக்கை, கதவோடு பெயர்ந்து வேலியில் தொங்கியது. அதை அவளும் பார்த்தாள். வாடகைக்கு மாட்டுவண்டி பிடித்துத் திரும்பினோம்.

செ.க்கு இரங்க முயன்றேன். வரவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். அவசரமில்லை.

செப். 15, புதன்

தூறல். செ.யின் சொந்தக் குதிரைகள் மோட்டாரை இழுத்துவந்தன, சிராங்கூன் சாலை நெடுகக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்க்க. இந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

வீங்கிய உதட்டோடு செ. தீர்ப்பு: "எண்ணெய் பத்தல."

புதுத் தோல் வெட்டிவிட்டார். கிறிஸ்துமஸ் பூசைக்குப் பிள்ளையும் தாயும் மோட்டாரில்தானாம். ஆணி அடிக்கப் பட்டையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"எண்ணெய் டின்னைக் காணோமே! எடுத்தது யாரு?"

உள்ளேயிருந்து அக்கா: "நான் என்னத்தைக் கண்டேன்."

நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. டின் கட்டிலில், அவள் முதுகுக்குப் பின்னால்.

செ. குடையை எடுத்துக்கொண்டு புது டின் வாங்கப் போய்விட்டார். பட்டையைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"இன்னொண்ணு வாங்கப் போறாருக்கா."

"வாங்கட்டும் தம்பி. கிறிஸ்துமசுக்கும் பிள்ளையைத் தூக்கிட்டு நடந்தே போறதா நேர்ந்துட்டேன்."

"எப்ப?"

"இப்பத்தான்."