பணியில் இல்லாத பன்னிரண்டு நாள்

என் கோபக்காரத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். அதனால் நலமாகத்தான் இருக்கிறாய் என்று நானே முடிவுசெய்துகொண்டு தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகம் என்ற வார்த்தை என் வாயில் வந்ததுமே அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நாலு வருடமாக உன் வீட்டு அடுப்பு அணைந்ததே இல்லை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப்போடலாம், ஆனால் அதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும். அந்த இரண்டு வரி இதுதான். நீ இங்கே வேலை பார்த்த ஒன்பது வருடத்தை ஒன்பது வருடமாகவே எழுதி வாங்க இப்போது வழி பிறந்திருக்கிறது. அதற்கு நீ ஒரு விண்ணப்பம் போட வேண்டும்.

முதலில் வீட்டுச் சமாசாரம். அத்தானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பந்தாவாக நடக்கிறார். இத்தனை வருடம் பார்வை மங்கலாக இருந்ததால் என்னை அழகி என்று நினைத்துவிட்டாராம், இப்போதுதான் உண்மை தெரிகிறதாம். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்கிறார். உன் மகள் அவரோடு வாரம் தவறாமல் பேசுகிறாள். எங்கள் மேல் அவளுக்காவது கோபம் இல்லை. நீ இப்போது இருக்கும் வெளிநாட்டு ஊர்க் கல்லூரியில் உன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவள்தான் தன் பெரியப்பாவிடம் சொன்னாள். தொடர்ந்து ஒரு வருடம்கூட எங்கேயும் வேலை பார்த்ததில்லையே, பதினெட்டு இடத்தில் ஐந்தைந்து மாதம் இருந்திருக்கிறீர்களே என்று கேட்டார்களாம். பதினெட்டும் ஒரே இடம்தான் என்று நீ சொல்லியும் அவர்களுக்குப் புரியவில்லையாம். விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நூலகத்தில் முன்மேசையில் உட்கார்ந்து புத்தகம் வாங்கி அடுக்குகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பதினெட்டுத் துண்டும் என் கையால் வெட்டியது. அதை மறைத்துப் பேசப் போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உயர்கல்வித் துறையிலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்கு வந்தார்கள். ஊழியர்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க வேண்டுமாம். இப்படி வருகிறவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். பூங்கொத்து வாங்கிக்கொள்வார்கள், கோப்பு இரண்டைப் புரட்டுவார்கள், வாசலில் மரக்கன்று நட்டுவிட்டுப் போவார்கள். அதே நம்பிக்கையில் எங்கள் பதிவாளர் தடபுடலாக ஏற்பாடு செய்தார். பழைய நாற்காலி போட்டுவைத்திருந்த அறையை ஒரே நாளில் காலிசெய்து, வெள்ளையடித்து, 'ஒப்பந்த விரிவுரையாளர் ஓய்வறை' என்று பலகை மாட்டினோம். நீங்களெல்லாம் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சைக்கிள் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தீர்களே, அதற்குப் பரிகாரம்.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும். சாயம்போன துணிப்பை, கீச்சு கீச்சென்று சத்தம் போடும் செருப்பு. ஆளைப் பார்த்ததும் இவரை நான் சமாளித்துவிடுவேன் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடம் பணியாளர் பிரிவில் உட்கார்ந்தவளுக்கு அவ்வளவு திமிர். புது ஓய்வறைக்குள் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஏன், எப்படி என்று கேட்டால் சொல்வதற்குப் பதிவாளர் எல்லோருக்கும் பதில் தயார்செய்து கொடுத்திருந்தார். அந்த அம்மா அதெல்லாம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்ன வயது கணித விரிவுரையாளரிடம், "இந்த ரூமை எப்போ தெறந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவள் பயந்த சுபாவம். பொய் சொல்ல நேரமே இல்லாமல், "இன்னிக்குக் காலையில, மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. 'இன்று காலை' என்று நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாளும் அவர் கேட்டதெல்லாம் இந்த ஒரு கேள்விதான். எப்போ? முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே அலுவலகத்தில் அவருக்கு 'எப்போ மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவருக்கென்று ஏற்பாடு செய்திருந்த குளிர்சாதன அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் மேசைக்கு எதிரிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். ஒப்பந்த விரிவுரையாளர்கள் எந்தெந்த நாளில் பணியில் இல்லை என்ற பட்டியலை என்னிடம் கேட்டார். உனக்குத் தெரியாததா? ஆறு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் பன்னிரண்டு நாள் வேலையை விட்டு நீக்கி, பதின்மூன்றாம் நாள் புதிதாகச் சேர்த்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பது எங்கள் கெட்டிக்காரத்தனம். பட்டியலைச் சுத்தமாக அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, விடைத்தாளெல்லாம் எப்போது திருத்துகிறீர்கள் என்று கேட்டார்.

பருவம் முடிந்தபின் வரும் அந்தப் பன்னிரண்டு நாளில்தானே திருத்துவீர்கள். பணியில் இல்லாத பன்னிரண்டு நாளில் இருநூறு பேர் தலைநிமிராமல் வேலை பார்த்தீர்கள். சான்று எதுவும் இருக்கக்கூடாது என்பதற்காக விடைத்தாள் கட்டின் மேல்சீட்டில் யாரும் தேதி போடக்கூடாது என்று வாய்மொழியாக உத்தரவு. நீங்களும் வாயை மூடிக்கொண்டு போடாமல் கொடுத்தீர்கள்.

இருநூறு பேரிடம் சொன்ன நாங்கள் ஒரே ஒருவரிடம் சொல்ல மறந்துவிட்டோம். விடைத்தாள் கிடங்குக் காப்பாளரை உனக்கு நினைவிருக்கும். மேசையில் எந்தக் காகிதம் வந்தாலும் தேதி முத்திரை குத்தாமல் விடாத மனிதர். செய்தித்தாளில் குத்துவார். மை சரியாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் குத்திப் பார்ப்பார். துணைவேந்தர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலேயே 'பெறப்பட்டது' என்று குத்தி வைத்தவர். நீங்கள் தேதி போடாமல் கொடுத்த ஒவ்வொரு கட்டின் மேலும் பதினைந்து வருடமாக அவர் தேதியும் நேரமும் குத்தி, பக்கத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறார். எங்களில் ஒருவரும் அந்த நிலவறைக் கிடங்குப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அந்த அம்மா முதல் நாளே இறங்கிப் போய்விட்டார்.

மூட்டை மூட்டையாக மேல்சீட்டுகளை மேலே கொண்டுவந்து, என் பட்டியலில் உள்ள தேதிகளோடு ஒப்பிட ஆரம்பித்தார். நம்புவாயோ என்னவோ, எனக்குக் கோபமே வரவில்லை. ஆசையாக இருந்தது. ஒரு வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்கிற ஒருவரை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஒரு சீட்டில் முத்திரை கலங்கியிருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார், தன் கணக்குக்குச் சாதகம் என்று சேர்த்துக்கொள்ள மாட்டார். பதிவாளர் சொல்வதையும் கூட்டுகிற பெண் சொல்வதையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுவார். தப்புக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பு துளியும் இல்லை.

இரண்டாம் நாள் உன் கோப்பு வந்தது. பதினெட்டு நீக்க உத்தரவு, பதினெட்டிலும் என் கையெழுத்து. பதினேழாவது இடைவெளியின் சீட்டு கிடைத்ததும் அந்த அம்மா அதை என் பக்கம் திருப்பி வைத்தார். காலை பத்து நாற்பது என்று முத்திரை. கீழே காப்பாளர் கையெழுத்தில், 'கொண்டுவந்தவர் படியில் வழுக்கி விழுந்தார். இரண்டு தாள் ஈரம்.' அவ்வளவுதான். நாற்பது விடைத்தாளையும் மழைத் தண்ணீர் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்ததால்தானே உன் வலது மணிக்கட்டு உடைந்தது. கையை ஊன்றியிருந்தால் தாள் நனைந்திருக்கும், இல்லையா?

அந்தச் சீட்டுக்கு அடுத்ததாகவே கோப்பில் நான் உனக்கு அனுப்பிய பதில் இருந்தது. மருத்துவ விடுப்புக் கேட்டு நீ இடது கையால் எழுதிய விண்ணப்பத்துக்கு, 'குறிப்பிட்ட தேதியில் தாங்கள் இப்பல்கலைக்கழகத்தின் பணியில் இல்லை' என்று நான் எழுதினேன். இரண்டு தெரு தள்ளி இருந்த உன் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்து கொடுக்கத் தைரியம் இல்லாமல் தபாலில் போட்டேன். மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்வது என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த பருவம் முடிந்ததும் நீ விமானம் ஏறிவிட்டாய்.

இவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று அந்த அம்மா கேட்டார். என் தங்கை என்றேன். உடனே கோப்பை மூடிவிட்டு, இனி இதை நான் எடுத்துத் தரக்கூடாது, வேறு ஒருவர்தான் தர வேண்டும் என்று சொல்லி, பக்கத்து மேசை எழுத்தரை அழைத்தார். எனக்கு அவமானமாக இருந்தது, அதே சமயம் மரியாதையாகவும் இருந்தது. பிறகு அவருடைய அந்த ஒற்றைக் கேள்வியை என்னிடமும் கேட்டார்.

"அவங்க அந்த நாள்லயும் வேலை பார்த்தாங்கன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"முதல் தடவையே தெரியும். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உட்காந்துதான் திருத்துவா. மார்க்கைக் கூட்டிக் கொடுத்ததே நான்தான்" என்றேன்.

ஆமாம். காலையில் நீ பணியில் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையில் பாதியை நான் செய்திருக்கிறேன். ஒன்பது வருடம். இது பொய் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை, அலுவலகம் வேறு வீடு வேறு என்று நினைத்துக்கொண்டேன். வாக்குமூலமாக எழுதித் தருகிறேன் என்று சொன்னதற்கு, இன்றைக்கு வேண்டாம், ஒரு நாள் யோசித்துவிட்டு எழுதுங்கள் என்றார் அந்த அம்மா. யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது எதற்கம்மா தலையைக் கொடுக்கிறாய் என்று பதிவாளர் கூப்பிட்டுக் கேட்டார். தலை இருந்து என்ன பயன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல வசனம்தான், வெளியே வந்ததும் ஓய்வூதியத்தில் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தது வேறு கதை.

போன வாரம் துறையின் உத்தரவு வந்தது. ஒன்றரைப் பக்கம். உத்தரவு எழுதியே நரைத்தவள் சொல்கிறேன், இப்படி ஒன்றை நான் படித்ததில்லை. ஒரு 'மேற்படி' கிடையாது. 'விடைத்தாள் திருத்துவது வேலை. வேலை செய்தவர் அன்று பணியில் இருந்தார்.' இப்படித்தான் தொடங்குகிறது. இனி எந்தப் பல்கலைக்கழகமும் இந்தப் பன்னிரண்டு நாளைக் காட்டித் தொடர்ச்சியை அறுக்க முடியாது. கணித விரிவுரையாளர் உட்பட நூற்றுப் பத்துப் பேரை நிரந்தரமாக்கப் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலையை விட்டுப் போனவர்களும் விண்ணப்பித்தால் முழுப் பணிக்காலத்துக்கும் ஒரே சான்றிதழ் தர வேண்டும் என்பது ஆறாவது பத்தி. அந்தச் சான்றிதழோடு போனால் அந்த ஊர்க் கல்லூரி உன்னைத் திருப்பி அனுப்ப முடியாது.

விண்ணப்பப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்குள் துறைக்கு நேராக அனுப்ப வேண்டும். எல்லாம் சுலபம்தான், பன்னிரண்டாவது கட்டம் ஒன்றைத் தவிர. 'தவறான உத்தரவில் கையெழுத்திட்ட அலுவலரின் பெயர்.' பதவி போதாது, ஆளின் பெயர் வேண்டும் என்று கீழே போட்டிருக்கிறது. காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும். பெயர் எழுதப்பட்டவர் மேல் விசாரணை வரும் என்றும் போட்டிருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும். என்னோடு பேச மாட்டாய், ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டாய். அந்த ஒரு கட்டத்துக்காக ஒன்பது வருடத்தையும் அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுவாய். தயவுசெய்து அந்தப் பெருந்தன்மையைக் காட்டாதே. எனக்கு அது வேண்டாம்.

அத்தானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உன் முகம் இப்போதான் தெளிவாத் தெரியுது என்றார். அது கிண்டலா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

அந்தக் கட்டத்தை நானே நிரப்பி அனுப்பலாம் என்று பேனாவைத் திறந்தேன். விண்ணப்பதாரர் தம் கைப்படவே எழுத வேண்டுமாம். விண்ணப்பம் போனபிறகு, விளக்கம் கேட்டு அதன் நகல் ஒன்று பன்னிரண்டாவது கட்டத்தில் உள்ளவரின் மேசைக்கு வரும். நாலு வருடமாக உன்னிடமிருந்து எனக்கு ஒரு கடிதாசி இல்லை, ஒரு உறைமேல்கூட என் பெயரை நீ எழுதியதில்லை. குற்றச்சாட்டாக வந்தாலும் சரியடி, உன் கையெழுத்தில் என் பெயரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

கையைப் பார்த்துக்கொள். குளிர் நாளில் அந்த மணிக்கட்டு வலிக்கும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். நீ மறுபடி வகுப்பறையில் நின்று பாடம் நடத்த வேண்டும், நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா