காவடி ஊசிக்கு முன் சோப்பு

கியூர்பிப்,
ஜனவரி 1956

அன்புள்ள அப்பா,

உங்களையும் அம்மாவையும் வணங்கி எழுதுகிறேன். நலமாக இருக்கிறீர்களா? எனக்கு இங்கே மழையைத் தவிர ஒரு குறையும் இல்லை.

விடுதியில் விளக்குக் கண்ணாடி உடைந்து என் உள்ளங்கையைக் கீறிவிட்டது. பயப்படாதீர்கள், தையல் போட்டாயிற்று. தையல் போட்ட நர்ஸ் ஜிசேல் கை கழுவிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நகக்கண், விரலிடுக்கு எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகே ரப்பர் கையுறை அணிந்தார். நான் பயத்தில், நீங்கள் தந்த விபூதியைக் காயத்தில் பூசப் போய் அவர் கையுறையில் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி கை கழுவினார்.

“வேற கையுறைதான் போடப்போறீங்களே, எதுக்குக் கழுவறீங்க?” என்றேன்.

“அதுல ஓட்டை விழுந்தா கைதானே காயத்தைத் தொடும், மகளே? உன் சாமி நெத்தியில இருக்கட்டும்” என்று நம் தீவின் கிரியோல் மொழியில் சொல்லிச் சிரித்தார்.

அப்பா, போன தைப்பூசத்தில் ஊசி குத்திய கன்னம் வீங்கி, கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் படுத்திருந்தீர்களே. இம்முறை ஊசி குத்தும் வீராசாமி மாமாவை முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். ஊசியையும் கொதிக்க வையுங்கள். அவர் கைக்குத் தண்ணீர் ஊற்ற நான் அங்கே இல்லை, அம்மா ஊற்றட்டும்.

மணி அடித்துவிட்டது. விபூதிப் பொட்டலம் ஒன்று அனுப்புங்கள். இனி நெற்றிக்கு மட்டும்.

உங்கள் மகள்,
சௌந்தரி