உன் அப்பாவின் பேண்ட் முழங்கால்

அன்பு மகனுக்கு, ஆண்டவர் கிருபையால் இங்கே நான், உன் பெரியம்மா, கடையின் மூன்று தையல் மிஷின் எல்லாரும் நலம். உன் நலத்துக்காகத் தினமும் மேலே மனுப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆகையால் நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். நம் போதகருக்குப் புது அங்கி தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் எழுந்து நின்றபோது நானூறு பேர் வாய் பிளந்தார்கள். பெரியம்மா நாற்பது என்கிறாள், அன்றைக்கு அவள் கண்ணாடி போடவில்லை. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, நான் தைத்து அனுப்பிய உள்சட்டையைக் குளிருக்குப் போடு.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். வாயைத் திறந்தால் எனக்கு ஒன்று நாலாகிவிடுகிறது, எழுதினால் கை வலிக்குப் பயந்து ஓரளவு உள்ளபடி வருகிறது. விஷயம் உன் அப்பாவைப் பற்றியது, கிழித்துப் போட்டுவிடாதே. என் தம்பி குடியை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. உனக்கு நான் இதைச் சொல்லவேயில்லை. வெல்டிங் பட்டறையில் பழையபடி வேலை பார்க்கிறான், சனிக்கிழமைதோறும் விடிந்ததும் ஆண்கள் ஜெபக்கூட்டத்துக்கு எனக்கு முன்னால் வந்து நிற்கிறான். அந்தக் கூட்டத்துக்கு இருபது வருஷமாக நான்தான் தலைவன். மனந்திரும்புதலைப் பற்றி நான் பேசினால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும் (அந்த நேரத்தில் லாரியும் போகும், அது வேறு). இவனுக்குப் பேசவே தெரியாது. "ஆண்டவரே, என்னை விட்டுடாதீங்க" என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான், அதற்குப் போய் எலக்ட்ரீஷியன் அழுகிறார், பள்ளிக்கூட வாத்தியார் அழுகிறார். எனக்கு இதுவரை ஒருத்தரும் அழுததில்லை. வயிறு எரிந்தது மகனே, உன்னிடம் மறைப்பானேன்.

போன மாதம் ஒரு பேண்டைக் கொண்டுவந்து, "அண்ணே, முட்டியில ஒட்டுப் போட்டுக் குடு" என்றான். நெருப்புப்பொறி பட்ட ஓட்டை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், இது அதல்ல. இரண்டு முழங்காலும் சிமெண்டுத் தரையில் தேய்ந்து நூல் நூலாகியிருந்தது. வீட்டுக்கு வந்து என் பேண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழங்கால், நான் தைத்துப் போட்ட அன்று இருந்த மாதிரியே இருந்தது, தேய்ந்திருந்ததெல்லாம் பின்பக்கம், தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து. அந்த எரிச்சலில் அவன் பேண்டை மூன்று வாரம் துணி மூட்டைக்கு அடியில் அமுக்கி வைத்தேன். அவன் இன்னொரு பேண்டைப் போட்டுக்கொண்டு வந்து அதையும் தேய்த்துவிட்டான்.

இதைவிடப் பெரியது ஒன்று. உன் போன் நம்பரை அவன் நான்கு முறை கேட்டான். "உனக்குக் குடுக்க வேணாம்னு சொல்றான்டா" என்று நான்கு முறையும் சொன்னேன். உன்னிடம் நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. உன் அம்மா தவறிப்போனபிறகு ஏழு வயதில் உன்னை அந்த வீட்டிலிருந்து தூக்கி வந்தவன் நான், உன் காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் முழித்திருந்தவன் நான், இவன் ஒன்பது மாதம் முழங்கால் போட்டுவிட்டு மகனை வாங்கிக்கொண்டு போவதா என்றிருந்தது.

போன சனிக்கிழமை அவன் ஜெபத்தில், "எம் பையனை வளத்தது எங்கண்ணன். பையன் எங்கிட்டப் பேசலைன்னாலும் நியாயந்தான். எங்கண்ணனை நல்லா வைங்க ஆண்டவரே" என்றான். புகழ்ந்தது என்னை, நல்ல பேர் அவனுக்கு! பொறுக்க முடியாமல் நாற்காலியிலிருந்து இறங்கி நானும் முழங்கால் போட்டேன். என்னை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. பரிசுத்த ஆவி இறங்கியது என்றார்கள், இறங்கியது மூட்டுவலி. ஆனால் கீழே இருந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை மகனே. நான் பொய்யன் என்று மட்டும் வந்தது, அதோடு எதையும் சேர்க்கத் தோன்றவில்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். "ஊருக்கெல்லாம் அளவெடுக்கறீங்க, உங்க மேல ஒரு நாளாவது டேப்பு வச்சீங்களா? மொதல்ல உங்க தம்பிகிட்டப் போயி சொல்லுங்க" என்று துரத்திவிட்டாள். பட்டறை வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். "சரிண்ணே. உள்ளதை அவனுக்கு எழுது. அவன் என்ன சொல்றானோ சொல்லட்டும்" என்றான், அவ்வளவுதான். மன்னிக்கிறதிலும் என்னை முந்திவிட்டான் பார்.

ஆகையால் இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், நம்பரைக் கொடுக்கட்டுமா? வேண்டாம் என்றாலும் உன்மேல் தப்பில்லை, உனக்கு அவன் செய்தது லேசான காரியமல்ல. ஆனால் அதை நீ சொல்ல வேண்டும், இனி உனக்குப் பதிலாக நான் சொல்ல மாட்டேன். அவன் கொடுத்த பேண்டையும் இன்றைக்குத் தைத்து முடித்துவிட்டேன், இரட்டைத் தையல்.

ஆண்டவர் உன் கூடவே இருந்து உன்னைப் பார்த்துக்கொள்வார். ஒன்றை மட்டும் மறக்காதே, அவனோடு பத்து நிமிஷம் பேசினால் என்னோடு பதினோரு நிமிஷம் பேசு. இதற்குமேல் மனந்திரும்ப இப்போதைக்கு என்னால் ஆகாது.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த பெரியப்பா