கவ்வாத்துக்குத் தப்பிய அசேலியா

குண்டசாலை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிரேமிளாவுக்கு அம்மா எழுதுவது. வெள்ளவத்தையில் நீயும் மாப்பிள்ளை திலக்ஷனும் நோய்நொடியில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போனில் சொன்னால் உங்கப்பா காதில் விழும் என்றுதான் கடிதம்.

அசேலியா பூத்துவிட்டது மகள். நீ திகனையில் வாங்கி வந்து வாசலோரம் நட்ட அதே செடிதான். இலை தெரியாமல் ரோஸ் நிறத்தில் அத்தனை பூ. ரோட்டில் போகிற ஆட்டோக்காரர்கள்கூட நிறுத்திப் பார்க்கிறார்கள்.

நீ சொல்லாமல் கல்யாணம் கட்டி வந்து நின்ற அன்று, "இந்தச் செடி பூக்கிற அன்னைக்கு அவ இந்த வாசப்படி ஏறட்டும்" என்று அவர் சொன்னது உனக்கு மறந்திருக்காது. ஆனால் அது எங்கே பூக்கும்? ஹந்தானைத் தோட்டத்தில் காலமெல்லாம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய கை சும்மா இருக்குமா? வருசா வருசம் இதையும் தேயிலை மாதிரியே மட்டமாக வெட்டிவிடுவார். வெட்டினால்தான் செடி செழிக்குமாம்.

போன வருசம் செடி விற்கிற கைரியா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன யசோதாக்கா, இது கொழுந்து பறிக்கிற செடியா? மொட்டு வைக்கிற கொப்பையெல்லாம் வெட்டினா எப்படிப் பூக்கும்?" என்றாள். உங்கப்பா கதிரையில் பேப்பரும் கையுமாக இருந்தார். பேப்பரை இன்னும் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பிறகு அவர் வெட்டுகிற காலம் வந்தது. கத்தியைத் தீட்டினார். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் வேலியோரச் செம்பரத்தையை வெட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டார். கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றார். சோற்றை மறந்தாலும் கவ்வாத்தை மறக்கிற மனுசனா அவர்?

இப்போது பின்னேரமானால் மழை. பூ உதிர்ந்துவிடுமென்று தன் குடையை விரித்துச் செடிக்கு மேல் கட்டியிருக்கிறார். கடைக்கு நனைந்துகொண்டே போய் வருகிறார். நேற்று என்னிடம், "பூ இன்னும் எத்தன நாளைக்கு நிக்கும்னு கைரியாகிட்ட கேளு" என்றார். எதற்கு என்றேன். "சும்மாதான்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இதோடு ஒரு பூவும் வைத்திருக்கிறேன். உங்கள் இருவருக்கும் அந்த முருகன் துணை. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டு வா. வரும்போது உங்கப்பாவுக்கு ஒரு குடை வாங்கி வா. இப்படியே நனைந்தால் அவருக்குத் தடிமன் பிடித்துவிடும்.

உன் அம்மா,
யசோதா